மஞ்சள் கோடு

நேற்று மாலை லோர்னா இறுக்கிவிட்டுப் போன பைக் நட்டின் மேல் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அவள் போட்டதல்ல.

இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் நவம்பர் மழை ஷெட்டின் தகரக் கூரையில் சலசலத்துக்கொண்டிருக்க, பழைய எஞ்சின் எண்ணெயும் ஈரப் பலகையும் கலந்த வாடைக்குள் புதுப் பெயின்ட்டின் மணம் மெலிதாகப் பரவியிருந்தது. கோட்டைத் தொட்டாள். விரலில் ஒட்டியது. பெயின்ட் டப்பாவோ, அவள் கணவன் கீத் இறந்த ஜூன் மாதத்திலிருந்து திறந்தே கிடந்து கல்லாகிவிட்டது. கோடு வலமிருந்து இடமாக மெலிந்தது. கீத் இடக்கைக்காரன்.

கீத்தின் ஒற்றை சிலிண்டர் பைக்கின் உதறலில் எந்த நட்டும் நிலைக்காது. அதனால் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரு வழக்கம். கீத் இறுக்குவான். லோர்னா ஸ்பேனர் வைத்துப் பார்த்து, நட்டிலிருந்து போல்ட்டுக்கு ஒரு கோடு இழுப்பாள். கோடு இருந்தால் இரண்டாவது கையும் பட்டிருக்கிறது என்று பொருள்.

அவன் இறந்த அன்று, முன் சக்கர அச்சின் நட்டைக் கீத் கையால் மட்டும் திருகியிருந்தான். போன் மணி அடித்தது, உள்ளே போனான். லோர்னாவின் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை எடுக்காமலே கோடு போட்டாள். திரும்பி வந்தவன் கோட்டைப் பார்த்தான். பைக்கில் கிளம்பினான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நொறுங்கி வந்த பைக்கை ஒவ்வொரு நட்டாக மறுபடி பூட்டினாள், அவ்வளவுதான் முடிந்தது. இப்போது, அவள் இறுக்கும் ஒவ்வொரு நட்டிலும் மறுநாள் ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு பெரில் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் கண்ணு, அந்த எண்ணெய் ஒழுகுற பூதத்தக் கட்டிக்கிட்டு அழுவுற? ரெண்டு பேரும் வந்து ஒரு வாய் டீ குடிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?"

"ரெண்டு பேரா?"

"நேத்து ஷெட்டுல உங்கூட ஒருத்தர் குனிஞ்சு நின்னாரே. கீத்தோட தம்பி இல்ல?"

கீத்துக்குத் தம்பி கிடையாது.

மணி நாலு. குளிர்காலம், அதற்குள் இருட்டிவிட்டது. மிச்சம் முன் சக்கர நட்டு ஒன்றுதான். லோர்னா ஸ்பேனரில் உடம்பு பாரம் முழுவதையும் போட்டு இறுக்கினாள். மணிக்கட்டு வலித்தது. இன்னும் இறுக்கினாள். பிறகு தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். பயமாக இருந்தது. வராமல் போய்விடுவானோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

மழை நின்றது.

பெயின்ட் மணம்.

பின்னால் ஸ்பேனர் ஒன்று பலகையிலிருந்து எடுக்கப்படும் ஓசை. முதுகில் குளிர்.

"லோர்னா." அவன் குரல்தான். டீ கேட்கும் அதே குரல். "அன்னிக்குப் பாத்தியா?"

அவள் திரும்பவில்லை.

"இல்ல, கீத். ஸ்பேனரே வைக்கல. சும்மா கோடு போட்டேன்."

மூச்சுச் சத்தம் இல்லை. பிறகு அவளுடைய இடது கையை யாரோ எடுத்தார்கள். மெதுவாக, ஒரு நட்டைச் சோதிப்பது போல, கல்யாண மோதிரத்தை வலப்பக்கம் திருகினார்கள். ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று. எலும்பு வரை.

பிரஷ்ஷின் ஈர நுனி.

விளக்கடியில் கையை நீட்டிப் பார்த்தாள். நட்டில் கோடு இல்லை. மோதிரத்திலிருந்து விரலின் தோலுக்கு, வலமிருந்து இடமாக மெலிந்து, ஒரு மஞ்சள் கோடு. மோதிரத்தைத் திருகினாள்.

அசையவில்லை.