மகன் இருக்கும் கடல்

"ஏய் மங்கை… கொயம்பு அடிபுடிச்சி நாறுது! காதுல இன்னாத்த மாட்டிகினு குந்திகினு கீற நீ?"

அடுப்படியிலிருந்து நாத்தனார் செங்கொடி போட்ட சத்தம் மங்கையின் காதில் விழவில்லை. மகள் நர்மதாவின் இயர்போனை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு நீலக் கடல். அதில் வரிசையாய்ப் போகும் கப்பல்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் தட்டுத் தடுமாறி வரும் கப்பல் அவளுடையது.

செங்கொடி வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"புள்ளதான் இந்த எயவு கேமால வூட்ட வுட்டு பூட்டான்னா… ஆத்தாளுக்கும் அதே புத்தியா? என் தம்பி கடல்ல கெடந்து அல்லாடறான். இவ இங்க பொம்மக் கப்பல் ஓட்டிகினு கீறா! உனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?"

மங்கை எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பழி போய்விடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், மகனை மறுபடியும் இழக்க வேண்டியிருக்குமே… எப்படிச் சொல்வாள்?

திருமுருகன் அவளுடைய தலைச்சன் பிள்ளை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த காலத்தில் 'கடல்ராஜா' என்ற விளையாட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. முதலில் எல்லாமே இலவசம். கட்டுமரம் இலவசம், வலை இலவசம். கொஞ்ச தூரம் போனதும் கப்பல் வேண்டும் என்றது. கப்பலுக்கு முத்து வேண்டும் என்றது. முத்தை நிஜமான துட்டு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றது. இன்றைக்கு வாங்கிய கப்பல் அடுத்த மாதமே ஓட்டைப் படகாகிவிடும். அடுத்ததற்கு இரண்டு மடங்கு முத்து! இவ்வளவு போட்டாயிற்றே, இப்போது விட்டால் அத்தனையும் வீணாகிவிடுமே என்று மேலும் மேலும் போட்டான். அப்பா பொன்னுரங்கத்தின் வங்கிக் கணக்கை செல்போனில் பார்த்துக் கொடுப்பவனும் அவன்தான். மீன்பிடி போட்டுக்குப் புது எஞ்சின் வாங்க அவர் சேர்த்து வைத்திருந்த பணம் அந்தப் பொய்க் கடலில் கரைந்துபோனது.

விஷயம் தெரிந்த அன்று, முகத்துவாரக்குப்பமே பார்த்துக்கொண்டிருக்க, பொன்னுரங்கம் தோளுக்கு மேல் வளர்ந்த மகனை அறைந்தார்.

"இனிமே நீ எனுக்குப் புள்ளையும் இல்ல… நான் உனுக்கு நைனாவும் இல்ல… போடா!"

போய்விட்டான். நம்பரையும் மாற்றிவிட்டான். அதன் பிறகு தெருவில் யார் பிள்ளை 'யம்மா' என்று கூப்பிட்டாலும் மங்கை திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்த நர்மதா அவள் காதருகே குனிந்தாள்.

"யம்மா… அண்ணன் நம்பரத்தான் மாத்திக்கிச்சி, கேம வுடல. 'எண்ணூர் சுறா'ன்னு அதே பேர்ல ஆடிகினு கீது பாரு!"

மங்கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்கூட பேச முடியுமாடி?"

"அண்ணன் கூட்டத்துல சேந்தா அவங்க பேசிக்கிறது கேக்கும். ஆனா கட்டுமரத்துல போனா சேத்துக்க மாட்டாங்கம்மா. பெரிய கப்பலு வேணும்."

மகன் குரல் கேட்க வேண்டும் என்றால் கப்பல் வாங்க வேண்டும்! அவ்வளவுதானே என்று நினைத்தாள் மங்கை. காலையில் விம்கோ நகர் மார்க்கெட்டில் மீன் விற்றவள், மதியம் இறால் உரிக்கும் ஷெட்டுக்கும் போகத் தொடங்கினாள். விரல் இடுக்குகளெல்லாம் வெந்து, தோல் உரிந்தது. அந்தக் கூலியில் முத்து வாங்கினாள். 'நிலா' என்று பெயர் வைத்துக்கொண்டாள். கப்பல் வந்தது. ஆனால் பாய் வரவில்லை. பாய் வாங்கினால் சுக்கான் இல்லை.

"அடப் பாவிங்களா! போட்டுன்னு துட்டு வாங்கிகினு துடுப்புக்குத் தனியா கேக்கறானுங்களே! நம்ம குப்பத்துல எவனாச்சும் இப்டி வித்தா செருப்பாலயே அடிப்பாங்கடி!"

நர்மதா சிரித்தாள். சிரித்தபடியே அம்மாவின் புண்ணான விரல்களைப் பார்த்துவிட்டு அழுதாள்.

கடைசியில் ஒரு காலையில் கூட்டத்தில் இடம் கிடைத்தது. இயர்போனில் கரகரவென்று ஏதோ சத்தம். பிறகு…

"யாருப்பா அது புதுசா? பராக்கு பாக்காம பின்னாடியே வா."

அவன்தான்! குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. சளி பிடித்திருக்குமோ? மருந்து வாங்கிச் சாப்பிட்டானோ என்னவோ… மங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தன் பக்கத்து மைக்கை மட்டும் திறக்கவே இல்லை. அன்றே சொல்லிவிடலாம் என்றுதான் நர்மதா துடித்தாள். ஆனால் அதற்குள், கூட ஆடும் பையன் ஒருவன் கேட்டான்.

"இன்னா மாமு, வூட்டாண்ட போவவே மாட்டியா?"

"போவேன் மாமு. எங்க நைனாவோட எஞ்சின் துட்ட சேத்துகினுதான் போவேன். இப்பல்லாம் முத்துக்கு ஒத்த பைசா போடறதில்ல. நைட்டு லோடு ஏத்தறேன், காலைல தூங்கறதுக்கு முன்னால இத்த ஆடறேன். அதுக்குள்ள வூட்லேந்து யாராச்சும் தேடிகினு வந்தாங்கன்னா… பம்பாய் பக்கம் பூடுவேன். இன்னா மூஞ்ச வெச்சிகினு அவர பாக்கறது?"

அன்றோடு மங்கை வாயைப் பூட்டிக்கொண்டாள். அவன் இருக்கும் இடம் கேட்கவில்லை. கணவரிடமும் மூச்சு விடவில்லை. தேடிப் போனால் அவன் ஓடிவிடுவான். அவன் குரல் மட்டுமாவது மிஞ்சட்டும் என்று தினமும் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன் அந்தக் கடலில் அவன் பின்னால் போனாள்.

அவளுக்குச் சரியாக ஓட்டத் தெரியாது. பாறையில் மோதுவாள், கூட்டமே திட்டும். திருமுருகனும் திட்டுவான். "இந்த நிலா ஒரு பேஜாரு பார்ட்டி மாமு! கண்ணு பொட்டையா?" என்பான். ஒருநாள் எல்லோரும் அவளைக் கூட்டத்திலிருந்து தூக்கிவிடலாம் என்றபோது அவனே தடுத்தான்.

"வுடுங்கடா… பாவம், கூடவே வந்துகினு கீது. இருக்கட்டும்."

இருக்கட்டும்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் வாழ்ந்தாள் மங்கை.

பிறகுதான் அந்த இடி விழுந்தது. விளையாட்டில் புதுக் கடல் ஒன்று திறந்தார்கள். இரும்புக் கப்பல் இருந்தால்தான் உள்ளே போக முடியும். எண்ணூர் சுறாவிடம் பழைய பணத்தில் வாங்கிய இரும்புக் கப்பல் இருந்தது. அவளிடம் இல்லை. அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டால் அவன் குரல் இனிமேல் கேட்காது. அதன் விலையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். இறால் உரித்து எட்டுகிற விலையா அது? கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்ட கம்மலைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துவிட்டு வந்தாள்.

கம்மலை அடகு வைத்தது நேற்று. இன்று காலைதான் புதுக் கடலுக்குள் நுழைந்தாள், குழம்பு அடிபிடித்துவிட்டது.

சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் வந்தார். நனைந்த லுங்கி, வெறுங்கூடை. பழைய எஞ்சின் நடுவழியில் நின்றுபோய், துடுப்புப் போட்டே கரை சேர்ந்திருந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்த மனைவியின் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"கம்மலு எங்க?"

மங்கை தலை குனிந்தாள். அவள் கழுத்தில் இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகிய செல்போனில் விளையாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க போவும்? முத்து வாங்கிருப்பா!" என்றாள் செங்கொடி.

பொன்னுரங்கம் ஒரே எட்டில் வந்து செல்போனைப் பிடுங்கினார். இயர்போன் வயர் கழன்று தெறித்தது. அவருடைய ஈர விரல்கள் திரையில் எங்கெங்கோ பட்டன. மைக் திறந்துகொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

"எம் புள்ளைய முயுங்கின சனியன்டி இது!" அவர் குரல் உடைந்தது. "மீன எறக்கிட்டு நான் எங்க போறேன்னு உனுக்குத் தெரியுமா? காசிமேடு, ராயபுரம்னு தெருத் தெருவா அவன் போட்டோவ காட்டிகினு அலையறேன்டி! அன்னிக்குக் கோவத்துல கை நீட்டிட்டேன்… அந்தக் கை இன்னிக்கும் எரியுதுடி எனுக்கு! எஞ்சின் கெடக்குது… எஞ்சினா எனுக்குக் கடேசில கொள்ளி வெக்கப்போவுது? எம் புள்ள வேணும்டி! நீ இன்னான்னா, கம்மல வித்து அதே கேம…"

செல்போனைத் தரையில் அடிக்கக் கையை ஓங்கினார். மங்கை பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ… ஒடைக்காதீங்க! அதுக்குள்ளதாங்க நம்ம புள்ள கீறான்! அந்தக் கேமு எனுக்கு எதுக்குங்க? அவன் கொரல கேக்கறதுக்குத்தாங்க… தெனம் அவன் பேசறத கேக்கறதுக்குத்தாங்க அத்தினியும்!"

பொன்னுரங்கத்தின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கைக்குள்ளிருந்து விம்மலோடு ஒரு குரல் வந்தது.

"நைனா…"

பொன்னுரங்கம் செல்போனைக் காதில் வைத்தார். எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"திருமுருகா… எங்கடா கீற?"

"சாத்தாங்காடு நைனா… இரும்புக் கடைல…"

சாத்தாங்காடு! ஷேர் ஆட்டோ போகிற தூரம்! இத்தனை நாளும் இங்கேயா இருந்தான்?

"அங்கயே இரு. எங்கயும் பூடாத. நான் வரேன்… நானும் உங்கம்மாவும் வரோம்."

மங்கை கலைந்த தலையோடு அப்படியே வாசலுக்கு ஓடினாள். செங்கொடி அவளைப் பிடித்து நிறுத்தினாள். சீப்பை எடுத்து, அவள் தலையை வாரி, கொண்டை போட்டுவிட்டாள்.

"இன்னா இன்னாவோ பேசிட்டேன்… மனசுல வெச்சிக்காத மங்கை. போ… போய் புள்ளைய இட்டுகினு வா."

இரும்புக் கம்பிகள் மலைபோல் குவிந்திருந்த முற்றத்தில் திருமுருகன் நின்றிருந்தான். இளைத்திருந்தான். இரவெல்லாம் லோடு ஏற்றிய துரு அவன் சட்டையிலும் கன்னத்திலும் ஒட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினான்.

"நைனா… துட்டு இன்னும் முழுசா சேரல…"

"அத்த வுட்றா!" பொன்னுரங்கம் அவன் கன்னத்துத் துருவைத் தன் துண்டால் துடைத்தார். அவர் அறைந்த அதே கன்னம். "மெதுவா சேத்துக்கலாம். போட்டாண்ட எங்கூட ஒரு ஆளு கொறையுதுடா. நீ வா."

திருமுருகனின் பார்வை அம்மாவிடம் போனது. வெறும் காது. உரிந்த விரல்கள்.

"நிலா… நீதானாம்மா? ஐயோ… உன்ன எவ்ளோ திட்டினேன்! கண்ணு பொட்டையான்னுகூட கேட்டேனேம்மா!"

மங்கை அவன் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"திட்டுடா ராஜா… நீ திட்டறதயாச்சும் கேக்கணும்னுதான்டா நான் அவ்ளோ தூரம் வந்தேன்!"

அவன் குனிந்து அவள் தோளில் முகம் புதைத்தான்.