பூநாரைத் திட்டைத் தேடி

“முன்னால போறவர் கால் வெச்ச இடத்துலயே கால் வைங்க! அழகா இருக்குன்னு யாரும் வரிசையை விட்டு விலகாதீங்க!”

தணிகைவேல் சாரின் குரல் எதிலும் மோதாமல் உப்பு வெளியில் கரைந்துபோனது. மோதுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? மரமில்லை, பாறையில்லை, கைப்பிடிப் புல்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே வெள்ளை.

கட்ச் பாலைவனம் என்றதும் பியூலா மணல் மேடுகளையும் ஒட்டகங்களையும்தான் நினைத்துக்கொண்டு ரயில் ஏறியிருந்தாள். இதுவோ என்றோ கடல் கிடந்த தரை. மேலே உப்புப் பொருக்கு. அடியில் கரிய சேறு. தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவள்தான் அவள். ஆனால் அந்த உப்பளத்துக்கு வரப்பு உண்டு, பாத்தி உண்டு. இதற்குக் கரையே தெரியவில்லை!

ஊரில் அவளும் கணவன் சைமனும் ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். கல்யாணம், பூப்புனித நீராட்டு, கெடா வெட்டு என்று வருஷம் முழுக்க மேடைப் படங்கள். பாலைவனத்தில் புகைப்படப் பயிற்சி முகாம் என்ற அறிவிப்பைப் பார்த்ததும், ஒரு தடவையாவது மாலையும் சிரிப்பும் இல்லாத ஒன்றைப் படமெடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. கடையைப் பூட்ட முடியாது என்று சைமன் தன் தம்பி கிளாட்வினைத் துணைக்கு அனுப்பினான். ஸ்டூடியோவின் வீடியோ வேலையெல்லாம் கிளாட்வின்தான். கெட்டிக்காரன், ஆனால் ஓரிடத்தில் நிற்கமாட்டான். “துடியான பய. ஒன்ன நம்பித்தான் அனுப்புதேன்” என்று மாமியார் ரயிலடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருந்தது.

முகாமின் ஆசான் தணிகைவேல் சென்னைக்காரர். பறவைகளைப் படமெடுத்தே தலை நரைத்தவர். முந்தின நாள் வகுப்பில் அவர் ஒரே ஒரு படத்தைத் திரையில் போட்டார். வெறும் சேற்றுக் குவியல்கள். கவிழ்த்த பானைகள் மாதிரி வரிசை வரிசையாக!

“பூநாரைக் கூடுங்க. எல்லாம் காலி. பறவை இருக்கும்போது அந்த இடத்தை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. மழை நல்லா பெஞ்ச வருஷம்தான் அதுங்க கூடு கட்டும். இந்த வருஷம் பெஞ்சிருக்கு. ஆனா தண்ணி நிக்கிறதைப் பொறுத்து இடம் மாறும்; இந்தத் தடவை கூட்டுத் திட்டு உள்ளே எங்கேயோ இருக்கு. தேடிப் பாப்போமா?”

கிளாட்வின்தான் முதலில் கை தூக்கினான்.

ஆக, விடிந்ததும் நால்வர் கிளம்பினார்கள். தணிகைவேல், பியூலா, கிளாட்வின், நான்காவதாக வாணியம்பாடிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் மெஹருன்னிசா டீச்சர். ஜீப்பை ஈரம் தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டு, ஓட்டுநர் பீம்ஜி இந்தியில் எச்சரித்து அனுப்பினார்: “காத்து கிளம்பினா உடனே திரும்பிடுங்க. இங்கே தண்ணி ஒரே இடத்துல நிக்காது. காத்து தள்ளுற பக்கமெல்லாம் நகரும். உங்க கால்தடத்தை அழிச்சிட்டுப் போயிடும்.”

நெடுநேரம் நடந்தபின் இடுப்புயரத்துக்கு ஒரு காய்ந்த மண்மேடு வந்தது. அதன்மேல் ஏறி மூச்சு வாங்கினார்கள். வெயில் ஏற ஏறத் தொலைவில் ஏரி ஒன்று மின்னத் தொடங்கியது.

“ஏரி இல்ல, கானல். காமிராவும் அதை நம்பிடும். எங்கே, ஃபோகஸ் பண்ணிப் பாருங்க” என்றார் தணிகைவேல்.

எல்லாரும் காமிராவில் கண்ணை வைத்தார்கள். ஏரி நடுங்கியது, உடைந்தது, மறுபடி சேர்ந்தது. பியூலா தன்னை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஏலே, இதப் பாத்தியா?” என்று திரும்பினாள்.

கிளாட்வின் இல்லை!

அவனுடைய பை மட்டும் கிடந்தது. பைக்குள் தண்ணீர்ப் புட்டி. மேட்டிலிருந்து ஒற்றைக் கால்தடம் இறங்கி, வெள்ளை வெளிக்குள் நேராகப் போயிருந்தது.

“கிளாட்வின்! ஏலே கிளாட்வின்!”

கானலுக்குள் ஆள் உருவமே தெரியவில்லை. தணிகைவேலின் முகம் மாறிவிட்டது. “நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க” என்று அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி விரைந்தார். கிளாட்வின் ஒல்லி; அவரோ ஆஜானுபாகு. அவனைத் தாங்கிய பொருக்கு அவரைத் தாங்கவில்லை. படீர் என்று ஒரு சத்தம்! இடது கால் தொடைவரை சேற்றுக்குள் போயிற்று. விழுந்த வேகத்தில் முழங்கால் திருகிக்கொண்டது.

பெண்கள் இருவரும் ஓடிப்போய் அவரை இழுத்து வெளியே போட்டார்கள். மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவருக்கு வலியில் வேர்த்துக் கொட்டியது. அதற்குப் பின் அவரால் காலை ஊன்றவே முடியவில்லை. கைபேசியில் சிக்னல் பேருக்குக்கூட இல்லை. ஜீப் எங்கோ பின்னால், கானலுக்கு அப்பால் நின்றது.

மாமியாரின் விரல்கள் இன்னும் பியூலாவின் மணிக்கட்டில் அழுந்தியிருப்பது போலிருந்தது. ‘அவனைக் கண்டுபிடிக்காமல் எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன்?’

“நான் போறேன் சார்” என்றாள்.

“தடம் கொஞ்ச தூரத்துல கெட்டி உப்புல மறைஞ்சிருது, பாரும்மா. அதுக்கப்புறம் எந்தப் பக்கம் போவே?”

அவள் காமிராப் பெட்டியை மேட்டின் உச்சியில் வைத்து அதன்மேல் ஏறி நின்றாள். கண் உயர உயரக் கானல் பின்வாங்கியது. தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டது. பெரிய லென்ஸால் மெதுவாக இடமிருந்து வலமாகத் துழாவினாள். வெள்ளை... வெள்ளை... மறுபடியும் வெள்ளை...

திடீரென்று வடக்கே ஒரு மூலையில் தரையிலிருந்து இளஞ்சிவப்பாகப் புகை கிளம்பியது!

“சார்! அங்கன பாருங்க!”

புகை இல்லை, பறவைகள்! ஆயிரக்கணக்கில் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் இறங்கின. தணிகைவேல் வலியையும் மறந்து எக்கிப் பார்த்தார். எத்தனையோ வருஷம் அவர் தேடிய திட்டு! ஆனால் அடுத்த வார்த்தை அதைப் பற்றியதாக இல்லை.

“பறவை சும்மா எழும்பாது. நரி வந்திருக்கணும். இல்லைன்னா உங்க பையன். அந்தத் திசையை விடாதே!”

“நானும் வர்றேம்மா, ஒத்தையா விடமாட்டேன்” என்று மெஹருன்னிசா டீச்சர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

தணிகைவேல் தன் சிவப்புச் சால்வையை காமிரா நிறுத்தும் டிரைபாடின் உச்சியில் கட்டி மேட்டில் நட்டார். “தடம் அழிஞ்சாலும் இதைப் பாத்துத் திரும்பி வாங்க. விசில் ஊதிக்கிட்டே இருக்கேன்.”

இருவரும் நடந்தார்கள். பியூலா கையிலிருந்த இன்னொரு டிரைபாடால் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தரையைக் குத்திப் பார்த்தாள். ‘டக்’ என்றால் போகலாம். ‘சொத்’ என்றால் விலகிச் சுற்ற வேண்டும். உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உதடு வெடித்தது. சால்வை பின்னால் ஒரு குங்குமப் பொட்டாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

கெட்டி உப்பைத் தாண்டியதும் தடம் மறுபடி கிடைத்தது. பியூலாவுக்கு உயிர் வந்தது. ஆனால் போகப் போக அந்தத் தடங்கள் ஆழமாகிக்கொண்டே போயின. முதலில் பாதம்... பிறகு கணுக்கால்... பிறகு குழி குழியாக, உள்ளே கறுப்புத் தண்ணீர்.

அப்போதுதான் கன்னத்தில் சில்லென்று பட்டது. காற்று!

“பியூலா, அங்கே பாரும்மா” என்றார் டீச்சர். மேற்கே தரை பளபளத்தது. இது கானல் இல்லை. விரல் பருமன்கூட இல்லாத தண்ணீர்த் தகடு ஒன்று சத்தமில்லாமல் அவர்களை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

“திரும்பிரலாமா டீச்சர்? நீங்க வேணும்னா...”

“பேசாம நடம்மா!”

இன்னும் கொஞ்ச தூரம். பறவைகளின் இரைச்சல் சந்தைக்கடை போல் காதில் விழுந்தது. கானலைக் கிழித்துக்கொண்டு திட்டு தெரிந்தது. சேற்றுப் பானைகள்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பூநாரைகள்! இடையிடையே சாம்பல் நிறப் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள்! அதற்கு இப்பால், சேற்றில் இடுப்புவரை புதைந்து, காமிராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி...

“கிளா...”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஒரு கையை இறக்கி உதட்டின்மேல் விரலை வைத்தான். ‘சத்தம் போடாதே!’

பியூலா டிரைபாடைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். டீச்சர்தான் தோளைப் பிடித்து அழுத்தினார். “படு. படுத்துக்கிட்டுப் போ. நின்னா நீயும் போயிடுவே.”

ஒளியைத் திருப்பிவிடும் வெள்ளித் தட்டி ஒன்று டீச்சரின் பையில் மடங்கிக் கிடந்தது. அதை விரித்துச் சேற்றில் போட்டார்கள். பியூலா அதன்மேல் குப்புறப் படுத்துப் பல்லி மாதிரி ஊர்ந்தாள். உப்புச் சேறு முழங்கைச் சிராய்ப்பில் பட்டுத் தீயாக எரிந்தது. மூச்சுக் காற்றில் பேசும் தூரத்துக்கு வந்தாள்.

“ஏலே, நாங்க கூப்புட்டது கேக்கலயா?”

“நீங்க கூப்புட்டது கேக்கல மதினி. கானலுக்குள்ள செவப்பாத் தெரிஞ்சுது, எறங்கி வந்துட்டேன். பொதைஞ்சதும் நான்தான் ஒருக்க கத்துனேன். அம்புட்டும் எந்திரிச்சிட்டு. அந்தால ஒரு கழுகு வந்து...” அவன் குரல் உடைந்தது. “ஒரு குஞ்சத் தூக்கிட்டுப் போயிட்டு. அதுக்குப் பொறவு நான் வாயத் தொறக்கல.”

உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கண்கள் சொருகின. அவள் தன் தண்ணீர்ப் புட்டியை உருட்டிவிட்டாள். அவனுக்கு எட்டியது. குடித்தான்.

“இப்பம் காமிராவக் கீழ போடு.”

“மதினி, இது அண்ணன் ஆசையா வாங்குன லென்சு...”

“அண்ணனுக்கு நீ வேணும்லே! போடு!”

அவன் காமிராவைச் சேற்றில் கிடத்தினான். அது சத்தமில்லாமல் சாய்ந்தது. “இப்பம் மல்லாக்கச் சாயி. கையை அகல விரி. காலை உதறாத. மெல்ல மெல்ல அசை, சேறு எளகட்டும்.”

பின்னாலிருந்து டீச்சர் துப்பட்டாவையும் காமிரா வார்களையும் முடிச்சுப் போட்டு வீசினார். பியூலா அதை அவன் அக்குளுக்கு அடியில் சுற்றிக் கட்டினாள். டிரைபாடை அவன் முதுகுக்குக் கீழே செருகினாள். “இழுங்க!”

இழுத்தார்கள். அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். நாலடி தள்ளியிருந்த தாய்ப் பறவை கழுத்தை நீட்டி அவர்களைப் பார்த்தது; இறகை அரைகுறையாக விரித்தது. மூவரும் அப்படியே உறைந்தார்கள். அது எழுந்தால் எல்லாம் எழும்! வானத்தில் கழுகு வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

பறவை இறகை மடக்கியது. கூட்டில் அமர்ந்தது.

“ஆண்டவரே...” என்று பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வார் உள்ளங்கையை அறுத்தது. ‘ப்ளக்’ என்று ஓர் ஓசை. ஒரு கால் வந்தது! செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த கால் வந்தபோது கிளாட்வின் சின்னக் குழந்தை மாதிரி ஓசையின்றி அழுதான். கெட்டித் தரைக்கு வந்ததும் பியூலா அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டாள்.

“மதினி,” அவன் மெல்ல விரலை நீட்டினான். “இவ்வளவு தூரம் வந்துட்டோம். ஒரு படம்.”

அவள் கழுத்துக் காமிராவைப் பின்பக்கம் தள்ளிவிட்டிருந்ததால் அது மட்டும் தப்பியிருந்தது. மண்டியிட்டு, மூச்சை அடக்கி, சத்தம் வராத அமைப்பில் அழுத்தினாள். சேற்றுப் பானையின் மேல் தாய். அதன் சிறகிடுக்கில் எட்டிப் பார்க்கும் சாம்பல் தலை. மறுபடி அழுத்தினாள். அதற்குள் தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டுவிட்டது.

“போதும்! நடங்க!”

வந்த தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வானத்தைக் காட்டும் தண்ணீர். பியூலா கண்ணைச் சுருக்கித் தேடினாள். சிவப்பு எங்கே? எங்கே அந்தச் சிவப்பு? காற்று ஒரு கணம் ஓய்ந்தது. மெல்லியதாக ஒரு விசில் மிதந்து வந்தது. திரும்பினார்கள். அதோ, சால்வை!

கிளாட்வினை நடுவில் தாங்கிக்கொண்டு, டிரைபாடால் தட்டித் தட்டி, அவர்கள் மேட்டை வந்தடைந்தபோது தணிகைவேலுக்கு ஊதி ஊதி உதடு வீங்கியிருந்தது. காற்றைக் கண்டு அஞ்சிய பீம்ஜி, நீளமான கழிகளோடு தேடிக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்திருந்தார். கிளாட்வினைப் பார்த்ததும் வாயாரத் திட்டினார். திட்டிக்கொண்டே அவனை முதுகில் தூக்கிக்கொண்டார். டீச்சரும் பியூலாவும் தணிகைவேலுக்குத் தோள் கொடுத்தார்கள். பொழுது சாய்கிற வேளையில் ஐந்து பேரும் ஜீப்பில் ஏறினார்கள்.

அன்று இரவு முகாம் கூடத்தில் அந்தப் படம் திரையில் விழுந்தது. கூடம் கைதட்டலில் அதிர்ந்தது! காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த தணிகைவேல் நெடுநேரம் பார்த்துவிட்டு, “என் ஆசானா இருந்தாக்கூட இதுல குறை சொல்லமாட்டார்” என்றார். முகாமை நடத்துகிறவர் எழுந்தார். “நாளைக்கு எல்லாரையும் அங்கே கூட்டிட்டுப் போகலாமே! இடம் எதுன்னு சொல்லுங்க மேடம்.”

எல்லாக் கண்களும் பியூலாமேல் திரும்பின. அவள் தணிகைவேலைப் பார்த்தாள்.

“குஞ்சுங்க பறக்கிற வரைக்கும் சொல்லமாட்டேன்” என்றாள் அவள். “பொறவு கேளுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.”

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டீச்சர் முதலில் கைதட்டினார். தணிகைவேல் சேர்ந்துகொண்டார். பிறகு மற்றவர்களும்.

கூட்டம் கலைந்தபின் கிளாட்வின் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கால் இரண்டிலும் மருந்துத் துணி.

“மதினி, அந்தக் கழுகு குஞ்சத் தூக்கையில காமிரா என் கையிலதான் இருந்துச்சு. கண்ணு முன்னாலதான் நடந்துச்சு. நல்ல வெளிச்சம்.”

“எடுத்தியாலே?”

“இல்ல.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “என் சத்தத்துலதான் அது செத்துச்சு. அத எப்பிடி எடுக்க?”

பியூலா அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். “அம்மைக்குப் போன் போடு. காலைலருந்து நாலு தடவ கூப்புட்டிருக்காவ” என்றாள்.