வலது பூட்ஸில் விளக்கெண்ணெய்

"லோயிஸ்! இங்க வாடி!"

அம்மா கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது, ஏதோ வம்பு. லோயிஸ் வாசலுக்கு ஓடினாள். அம்மா ஜெயகுமாரியின் கையில் நைனாவின் கான்வாஸ் பூட்ஸ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வலது கால் பூட்ஸ்.

"மோந்து பாரு."

லோயிஸ் மோந்து பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. விளக்கெண்ணெய்!

அந்த வீட்டில் மாதத்தில் ஒரு நாள் விளக்கெண்ணெய் நாள். வயிறு சுத்தமாக வேண்டுமாம். காலையில் ஒரு கரண்டி உள்ளே போகும். அப்புறம் அன்று பூராவும் லோயிஸ் கொல்லைக்கு நடையாய் நடப்பாள். போன மாதம் அவள் தன் பங்கைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்து நின்றாள். தொட்டி பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதிலிருந்து ஊரில் எங்கே அந்த வாடை வந்தாலும் அம்மாவுக்கு லோயிஸ் ஞாபகம்தான்.

"இந்த வாட்டி நெசமாவே குடிச்சிட்டேம்மா!"

"அப்ப பூட்ஸுல எப்படி வந்திச்சி? பூட்ஸுக்கு வயிறு சரியில்லயா?"

பாவம், லோயிஸ் குடித்தது உண்மை. ஆனால் கேட்பார் யார்? பூட்ஸைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதுதான் அவளுக்குத் தண்டனை. தேய்க்கத் தேய்க்க அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தூக்கத்தில் எழுந்துபோய் ஊற்றிவிட்டோமோ?

வீட்டுக்குள் மட்டும் குழப்பம் இல்லை. சித்தூரே அப்போது குழம்பித்தான் கிடந்தது. ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்துவிட்டது. எல்லைக்கோடு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. திருத்தணி எந்தப் பக்கம், சத்தியவேடு எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினமும் சண்டை.

நைனா கிருபானந்தத்துக்கு அந்தச் சண்டையில் கலந்துகொள்ளக்கூட நேரமில்லை. அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"உள்ள இருக்கற டப்பி நெறைய பிரேக் ஆயில் ஊத்தறேன். மறுநாள் பாத்தா பாதி காணோம். தரையில ஒரு சொட்டு இல்ல. எங்கதான் போவுது?"

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் சிட்டிபாபு தவழ்ந்து வெளியே வந்தார். யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று எதையும் தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்வது அவர் வழக்கம்.

"லேது அண்ணா, இல்ல அண்ணா. நாலு சக்கரமும் பாத்துட்டேன். எல்லாம் காஞ்சி கிடக்குது."

"நாளன்னிக்கு குடிபாலா ஊரு நாராயணசாமி குடும்பத்தைத் திருமலைக்கு இட்டுக்கினு போவணும். கொழந்தைக்கு மொட்டை. வரேன்னு சொல்லிட்டேன். ஆயில் டப்பாவைக் கூடவே எடுத்துக்கினு, ஊத்திக்கினே போயிட்டு வந்துடட்டுமா?"

"வத்து அண்ணா, வேணாம் அண்ணா. மலை ரோடு அது. எறங்கும்போது பெடலு தரைக்குப் போயிடிச்சின்னா..."

மீதியை அவர் தெலுங்கிலும் சொல்லவில்லை, தமிழிலும் சொல்லவில்லை.

லோயிஸ் ஓடிவந்து நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நைனா சுத்தமான பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஆயிலை நிரப்பிக்கொண்டு, மெதுவாகப் புத்தலப்பட்டு வரை போய் வந்தார். வந்ததும் அம்மா முதல் வேலையாகப் பூட்ஸை மோந்தாள்.

"மறுபடியுமா! லோயிஸ்!"

"புட்டி பீரோவுல இருக்கு. சாவி உன் இடுப்புல இருக்கு. பூட்ஸ் நைனா காலுல இருந்திச்சி. நான் எப்படிம்மா ஊத்துவேன்?"

அம்மா இடுப்பைத் தடவிப் பார்த்தாள். சாவி அங்கேயேதான் இருந்தது. "அப்ப யாருடி?" என்றாள். அவள் முகத்திலும் இப்போது அதே குழப்பம்.

லோயிஸ் இரண்டு பூட்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது பூட்ஸில் வாடையே இல்லை. வலதில் மட்டும்தான். அதிலும் உள்பக்கம் காய்ந்திருந்தது, வெளியே கால் விரல் நுனிக்கு மேலேதான் ஈரம். அப்படியானால் மேலேயிருந்து ஏதோ சொட்டுகிறது. வலது கால் மட்டும் போகிற இடம் எது?

"நைனா, பிரேக்கை எந்தக் காலால மிதிப்பீங்க?"

"வலது காலாலதான். ஏம்மா?"

லோயிஸ் காருக்கு ஓடினாள். காரின் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, நாய்க்குட்டி மாதிரி மோந்துகொண்டே போனாள். பிரேக் பெடலின் இரும்புக் காம்பு முழுக்க ஈரம். மேலேயிருந்து ஒரு சொட்டு இறங்கி, அவள் மூக்கிலேயே விழுந்தது. கீழே விரித்திருந்த கால் மிதியைத் தூக்கினாள். அடியில் குளம்!

"நைனா! ஆயில் இங்க இருக்கு! வெளிய ஒழுகல, உள்ள ஒழுகுது!"

அன்றும் காரைப் பார்க்க வந்திருந்த சிட்டிபாபு ஆயில் டப்பாவோடு ஓடிவந்தார். லோயிஸ் டப்பாவை மோந்தாள். அதே வாடை.

"மாமா, இதுல விளக்கெண்ணெய் கலக்கறாங்களா?"

"அவுனு பாப்பா, ஆமா பாப்பா! ஆமணக்கு எண்ணெய்தான் கலக்கறாங்க. என் கையில எந்நேரமும் இதே வாடை. அதான் எனக்கு ஒறைக்கல."

நைனாவின் மூக்கிலோ எந்நேரமும் மூக்குப்பொடி. அதற்குள் வேறு எந்த வாடை நுழையும்?

பெடலை மிதித்தால் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயைத் தள்ளிவிடுவது மாஸ்டர் சிலிண்டர். சிட்டிபாபு அதைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் கிழிந்திருந்தது. உடனே வேலூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் புது ரப்பர் வாங்கி வந்து மாட்டினார். இனி குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.

"நான் மிதிக்கறேன்!" லோயிஸ் சீட்டின் நுனிக்கு வந்து காலை நீட்டினாள்.

"தொக்கு, அமுக்கு! ஒதுலு, விடு!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

முதலில் பெடல் களி மாதிரி அமுங்கியது. குமிழிகள் எல்லாம் போனதும் கல்லாக நின்றது.

அம்மா அவள் தலையைத் தடவினாள். "உன்ன நம்பாம போய்ட்டேனேடி. தப்புதான்."

நைனா திருமலைக்குப் போன அன்று லோயிஸ் சாயங்காலம் வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாகக் கார் வந்தது. வீட்டு வாசலில் நைனா பிரேக்கை மிதித்தார். சொன்ன இடத்தில் நின்றது. பின் சீட்டில் நாராயணசாமியின் குழந்தை, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு கையைக் காலை ஆட்டியது.

அம்மாவும் பெண்ணும் ஓடிப்போய் நைனாவின் வலது பூட்ஸைத்தான் கழற்றினார்கள்.

அம்மா மோந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "உவ்வே! வெறும் வேர்வ நாத்தம்!"

லோயிஸ் வாங்கி மோந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை மோந்தாள்.