கால் எடுக்குமுன்

முடிந்துபோன இழையின் இடத்தில் எதுவோ இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

ரிஹாப் திரையை வெறித்தாள். கணினிக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலையும் ஓர் இழை. அது நிற்பதற்கு நினைவகத்தில் ஓர் அடுக்கு. வேலை முடிந்த இழை அங்கிருந்து காலை எடுத்த பிறகுதான் இடத்தை அடுத்ததற்குத் தர வேண்டும். வேகத்துக்காக, அவள் மேலாளனான லுத்ஃபி அதை மாற்றியிருந்தான். முதலில் பிடுங்கு, பிறகு போகட்டும்.

"அது இன்னும் நிக்குது, லுத்ஃபி சார். அதுக்குள்ள இன்னொண்ணு வந்து அது மேலயே எழுதுது."

"கண்ணு மூடித் திறக்குற நேரம். அதுக்கு வழியனுப்பு விழா வைக்கணுமா?" லுத்ஃபி கோட்டை மாட்டிக்கொண்டான். "உன் வேலை இன்னையோட முடிஞ்சுது. உன் இடத்தை இஷ்ராக்குக்குக் கொடுத்தாச்சு. மக்ரிப் பாங்குக்குள்ள ஒப்படைச்சுட்டுக் கிளம்பு."

ரிஹாப் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்க, தூனிஸ் தெருக்கள் காலியாகிக்கொண்டிருந்தன. கடைக் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து விழும் ஓசை, கடைசி டிராம் வளைவில் தேய்ந்து மறையும் கிறீச்சிடல், கீழ்வீட்டிலிருந்து ஏறிவரும் ஷோர்பா சூப்பின் மல்லிவாசம், அதற்கெல்லாம் நடுவே பக்கத்து முக்காலியில் புதிதாய் வந்த இஷ்ராக் விசைகளைத் தட்டும் மெல்லிய சத்தம்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்களைப் போகச் சொன்னாங்க, என்னை வரச் சொன்னாங்க. எனக்கென்ன தெரியும்."

ரிஹாப் லுத்ஃபியின் முகத்தில் எறிய வேண்டிய சொற்களை மனத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருட உழைப்பு, விழுங்கிய அவமானங்கள், பிஸெர்த் வீட்டு மொட்டைமாடியில் காயும் ஆக்டோபஸின் நாற்றம்.

நிறுத்தினாள். அவள் பிஸெர்த்துக்குப் போனதே இல்லை.

"நீ எந்த ஊரு?"

"பிஸெர்த், அக்கா."

தட்டல் தொடர்ந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளே எதுவோ மங்கியது. தம்பியின் பெயர். சொல், அவன் பெயரைச் சொல். நாக்கில் வேறு யாருடைய பெயரோ வந்தது.

மேசைமேல் ரிஹாபின் கைபேசி அடித்தது. இஷ்ராக் எடுத்தாள்.

"இதோ கிளம்பிட்டேன், உம்மா. பொரிச்ச பிரீக்கை ஆற விட்டுடாதீங்க."

ரிஹாபின் குரல். சோர்ந்தால் மட்டும் அவளுக்கு வரும் அந்தச் சின்னத் திக்கல்கூட.

அது என் உம்மா. கையை ஓங்கினாள். கை எங்கே? ரிஹாபின் நாற்காலியில் இஷ்ராக் இருந்தாள். தான் எழுந்ததாக ரிஹாபுக்கு நினைவில்லை. முக்காலி காலி.

பாங்கு ஒலித்தது.

இஷ்ராக் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். இனிப்பு ரிஹாபின் நாக்கில் கரைந்தது. இஷ்ராக் தண்ணீர் குடித்தாள். குளிர்ச்சி ரிஹாபின் தொண்டையில் இறங்கியது.

நான் இன்னும் போகவில்லை. இங்கேதான். இங்கேயே.

மிச்சமிருந்த கோபம் முழுவதையும் திரட்டிக் கத்தினாள்.

இஷ்ராக் லேசாக இருமினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தட்டத் தொடங்கினாள்.