பயில்வானும் ஆட்டுக் கண்ணும்

வகுப்பில் எல்லோருக்கும் அவன் பயில்வான். குட்டிக்கு மட்டும் அண்ணன். இரட்டைப் பிள்ளைகளில் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டான். அந்த உரிமையில் வீட்டில் ஒரே அதிகாரம்.

"நாளைக்கு ஆட்டுக் கண்ணை நான்தான் வெட்டுவேன். பயந்தவங்க தள்ளி நின்னு பாத்துக்கோங்க" என்று நேற்றே வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தான்.

இன்று அறிவியல் டீச்சர் இருவருக்கு ஒரு கண் வீதம் தட்டில் வைத்துக்கொண்டே வந்தார். கறிக்கடையில் வாங்கியவை. தட்டில் உருண்டு நின்ற கண், நேராக அண்ணனைப் பார்த்தது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"குட்டி, அது என்னையே முறைக்குது. நான் வெளியே போயிடறேன்."

"போனா அவ்வளவுதான்டா. வருஷம் பூரா ஓட்டுவாங்க."

"என்ன பயில்வான், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றான் பக்கத்து மேசை நெட்டையன்.

தினமும் தன்னை வம்புக்கு இழுக்கும் அண்ணன் இப்படி மாட்டிக்கொண்டதில் குட்டிக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவன் உதடு வெளுத்திருந்தது. மனசு கேட்கவில்லை.

செய்முறை முழுவதும் பின்சுவர்ப் பலகையில் எழுதியிருந்தது.

"நீ அந்தப் பக்கம் திரும்பிப் பலகையை வாசி. நான் வெட்டறேன்" என்றாள் குட்டி. பிறகு நெட்டையனுக்கும் கேட்கும்படி, "சரியா வாசிக்க ஒரு ஆள் வேணும்ல" என்றாள்.

அண்ணன் பிழைத்தோம் என்று திரும்பிக்கொண்டான். "முதல்ல ஓரத்துல சின்னதா ஒரு துளை. அழுத்தக் கூடாது..."

நெட்டையன் எதையும் வாசிக்காமல் ஓங்கி அழுத்தினான். சர்ரென்று பீய்ச்சிய நீர் அவன் மூக்கிலேயே அடித்தது. மேசையே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டான். குரலில் தெம்பு வந்தது.

குட்டி வெட்டிய கண்ணுக்குள்ளிருந்து பட்டாணி அளவு உருண்டை ஒன்றை எடுத்தாள். கழுவி, செய்தித்தாள் துண்டின் மேல் வைத்தாள்.

"இப்போ திரும்பு. இது முறைக்காது."

அண்ணன் அரைக்கண்ணால் பார்த்தான். கண்ணாடி போன்ற அந்த உருண்டைக்குள் பொடி எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகத் தெரிந்தது.

"ஏய், இதுக்குள்ள பூதக்கண்ணாடியே இருக்கு! மிச்சம் எங்கே?"

தட்டைத் தானே இழுத்தான். கண்ணின் உட்புறத் தோல் நீலமும் பச்சையுமாகப் பளபளத்தது. கையுறை மாட்டிய விரலால் மெல்லத் தொட்டான். அப்புறம் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"தலையை எடுடா, எனக்கும் தெரியட்டும்" என்று குட்டிதான் அவனை முட்டித் தள்ள வேண்டியிருந்தது.