தினமும் நடப்பதும் நேற்று நடந்ததும்

அச்சகக்காரர் காலங்கார்த்தாலே 'சிவப்பு மை' அக்கா வீட்டு வாசல் மணியை அடித்தபோது, ஊசியை அப்படியே போட்டுவிட்டு எதிர்வீட்டுத் தையல்காரி ஓடிவந்தாள். முப்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வுபெற்ற அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே அவள்தான். அக்கா துப்புத் துலக்கினால் தனக்கே பரிசு கிடைத்த மாதிரி நிமிர்ந்து நடப்பாள்.

"ஒரு வருஷம் ஆசிரியர் கைப்படத் திருத்தின இலக்கணப் புத்தகம்மா. அந்த புரூஃப் தாளெல்லாம் நேத்து மத்தியானம் மேஜையிலிருந்து காணோம். பைண்டிங் அம்மாதான் எடுத்திருக்கணும். நேத்து சாயங்காலம் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இன்னிக்கு வேலையை விட்டு அனுப்பப் போறேன்."

"அவங்கதான்னு எப்படி?"

"சாப்பாட்டு வேளையில எல்லாரும் வெளியே போவோம். அவங்க மட்டும் உள்ளேயே சாப்பிடுவாங்க."

அச்சகத்தில் மெஷின்காரரும் அதே பாட்டைத்தான் பாடினார். "ஒரு மணிக்கு மை ரோலரை வேஸ்ட் துணியால துடைப்பேன், கிளம்புவேன். மேஜைப் பக்கமே போக மாட்டேன். அந்த அம்மாதான் உள்ளே இருப்பாங்க."

அக்கா அச்சகத்தைச் சுற்றிவந்தாள். ரோலர் பளபளத்தது. துணி தொங்கும் ஆணி காலி. கதவோரம் முடிச்சு அவிழாத துணி மூட்டை.

"இது எப்போ வந்தது?"

"இப்பத்தான். நாலு நாள் லேட்டு," என்றார் அச்சகக்காரர்.

"என்னக்கா, துணி வாங்கவா வந்தோம்?" என்று தையல்காரி காதைக் கடித்தாள்.

அக்கா பைண்டிங் அம்மாவிடம் திரும்பினாள். "நேத்து எங்கே சாப்பிட்டீங்க?"

"நேத்து சாப்பிடவே இல்லைங்க. மக ஸ்கூல்ல கூப்பிட்டாங்க, பன்னிரண்டரைக்கே போயிட்டேன். யாரும் கேக்கலை. பழி போட்டவங்ககிட்ட நானா போய்க் கெஞ்சவும் இல்லை."

"தினமும் செய்யறதை எல்லாரும் சொன்னீங்க. நேத்து நடந்ததைச் சொன்னது இவங்க ஒருத்தர்தான்," என்றாள் அக்கா. "ஆணியில துணி இல்லை, மூட்டை இன்னிக்குத்தான் வந்திருக்கு. அப்போ நேத்து ரோலரை எதால துடைச்சீங்க, தம்பி?"

மெஷின்காரர் முகம் தொங்கியது. "மேஜையில வெத்துத் தாளா கிடந்துது... வேஸ்ட்னு நினைச்சிட்டேன். அப்புறம் பயத்துல வாயைத் திறக்கலை."

"வெத்துத் தாளா?" என்றாள் அக்கா.

"யாரும் படிக்கக் கூடாதுன்னு நான் எப்பவும் கவிழ்த்துத்தான் வைப்பேன்," என்று முனகினார் அச்சகக்காரர்.

அதற்குள் தையல்காரி மெஷினடித் தகர டப்பாவில் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். கசங்கிய தாள்களின் பின்பக்கம் ஒரே கறுப்பு. முன்பக்கத்தில் சிவப்புத் திருத்தங்கள் அத்தனையும் பத்திரம்.

அச்சகக்காரர் தொண்டையைக் கனைத்தார். "மனுஷங்கன்னா தப்பு பண்ணுவாங்க..."

"ஊர்ல இருக்கிற மனுஷங்கல்லாம் இருக்கட்டும் சார்," என்றாள் பைண்டிங் அம்மா, தலையைத் தாழ்த்தாமல். "நேத்து நீங்க என்ன பண்ணீங்க?"

அச்சகக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து நான்... உங்க மேல அநியாயமா பழி போட்டேன். மன்னிச்சிடுங்க."

பைண்டிங் அம்மா தாள்களை வாங்கி ஒவ்வொன்றாக நீவி அடுக்கத் தொடங்கினாள். தையல்காரியோ கையில் ஒட்டிய மையைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் கழுவினாள்.