பின்பாரம்

பின்சக்கரங்கள் எழும்பவே இல்லை. அதுதான் டிரைவருக்கு முதலில் உறுத்தியது.

இரண்டு டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டில் அதைவிடக் கனமான இரும்பு அச்சை ஏற்றினால், பின்பக்கம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். பெரிய வண்டி வாங்க முதலாளிக்கு மனசு வராது, மனுஷ உயிர் மலிவு. அதனால் ஆட்களைப் பின்னால் ஏற்றி நிற்கவைப்பார்கள். போன வாரம் அப்படி நின்றவன் டிரைவரின் மச்சான், மனைவிக்கு ஒரே தம்பி. வண்டி கவிழ்ந்து அவன்மேலேயே விழுந்தது. எடுத்தபோது நெஞ்சு இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது.

இன்று ஏறச் சொல்லியும் ஒருத்தரும் அசையவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் நழுவிவிட்டார்கள். சூப்பர்வைசர் விரட்டியதில் டிரைவர் ஆளில்லாமலே லீவரை இழுத்தான்; பாரம் லாரித் தட்டின் உயரத்துக்கு வந்திருந்தது.

"சார், பின்னாடி ஆளே இல்லாம எப்படி சார் நிக்குது?"

சூப்பர்வைசர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அதான் ஒருத்தன் நிக்கிறானே. கதை பேசாம ஏத்து." போனில் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

டிரைவருக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. தகரக் கூரை வெயிலில் நெளிந்து முனகியது, சங்கிலியில் எண்ணெய் காய்ந்த வாடை வந்தது, அதற்கும் அடியில், தரையைக் கழுவிய பினாயில் நெடியையும் மீறி, ஈர இரும்பைப் போன்ற இன்னொரு வாடை பின்கழுத்தில் மூச்சாக வந்து பட்டது.

இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியை ஒரு கை பற்றியது. நகங்களில், தரையைப் பிறாண்டிய சிமெண்ட்.

இப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. பின்னால் நிற்பவன் இறங்கினால், வண்டி கவிழும்.

பாரத்தை இறக்க வேண்டும். மெதுவாக. லீவரில் கையை வைத்தான்.

"இறங்கிடாத மச்சான். கொஞ்ச நேரம். உங்கக்கா மூஞ்சிக்காகவாவது நில்லுடா."

காதோரம் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"அன்னைக்கு நானும் இறக்குங்கன்னு கத்தினேனே மாமா."

"கேக்கலடா. சத்தியமா கேக்கல."

கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

தரையில் ஒரு கால் பதிந்தது.

இன்னொரு கால்.

பின்சக்கரங்கள் எழும்பின. இருக்கை முன்னால் சரிந்து, இடப்பக்கம் சாய்ந்தது. பிடிக்க எதுவும் இல்லை. கீழே, அவன் விழப்போகும் இடத்தில், தட்டையான நெஞ்சோடு, இரண்டு கைகளையும் விரித்து, மச்சான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.